சேவல் கிரீமுக்குப் பொட்டு வைத்தவர்

அன்றைக்கு குடோனில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாளி இருந்தார். குடோன் அவருடையது. பார்ட்டி இருந்தார். கப்பலில் சரக்கு வரவழைத்து எங்களிடம் இறக்கி வைப்பவரை பார்ட்டி என்போம். ஒற்றை ஆள்தான். சாப்பாட்டுச் சாமான் சோதிக்கும் அதிகாரி ஒருவர் இருந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சோத்து ஆபீசர். ஸ்டிக்கர் ஒட்டும் ராணியக்கா இருந்தார். அவரோடு வேலை செய்யும் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் காஜா பாய் இருந்தார். பெட்டி உடைக்கக் கடப்பாரையோடு நான் இருந்தேன். உடைக்க வேண்டிய பெட்டியின் மேல் லேபிள் உட்கார்ந்திருந்தார்.

லேபிள் என்பது ஆளின் பெயர். அசல் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை நாங்கள் யாரும் படித்ததில்லை. அவர் மட்டும் தினமும் காலையில் ஒருமுறை படித்துச் சரிபார்த்துக்கொள்வார்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தேடினாலும் அச்சடித்த எழுத்தை அவரைப் போல நம்பிய ஆள் கிடையாது. சாமியை நம்புகிறவர்கள்கூட நடுவில் ஒரு நாள் சந்தேகப்படுவார்கள். லேபிள் சந்தேகப்படமாட்டார். காகிதத்தில் இருந்தால் உண்டு. இல்லையென்றால் இல்லை.

முதலில் அவர் ஹார்பரில் மூட்டை தூக்கினார். சாக்கு மூட்டையின் மேல் கொக்கி போடக் கூடாது என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். எல்லா மூட்டையிலும் இருக்கும். எல்லாரும் கொக்கி போட்டுத்தான் தூக்குவார்கள். லேபிள் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பார். படித்த நாளிலிருந்து கொக்கியைக் கீழே போட்டுவிட்டார். மூட்டையைக் குழந்தையைத் தூக்குவது போல அணைத்துத் தூக்கினார். பின்னால் வரிசை நின்றது.

"இன்னாடா, மூட்டையக் கட்டிப்பிடிச்சிகினு நிக்கிறே? கொக்கியப் போடு" என்றார் மேஸ்திரி.

"போடாதன்னு போட்டுக்கீது மேஸ்திரி."

"அது சும்மா போடறதுடா."

"சும்மா எதுக்குப் போடுவான்? மை இன்னா ஓசியிலயா வருது?"

பதில் இல்லாத மேஸ்திரி வேறு என்ன செய்வார்? வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்படித்தான் லேபிள் எங்கள் குடோனுக்கு வந்தார்.

ஒரு தடவை அவருக்கு இருமல். டாக்டர் சிரப் கொடுத்தார். குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும் என்று பாட்டிலில் இருந்தது. மாதம் மே. இடம் கொருக்குப்பேட்டை. ரயில் பாதை ஓரத்தில் ஓட்டு வீடு. அவர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு இடம் தேடினார். காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரிக்காரர் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். லேபிள் உள்ளே போய்ப் பார்த்தார். குளிர்ச்சி இருந்தது. தரையெல்லாம் தண்ணீர். திரும்பிவிட்டார். கடைசியில் ஒரு பேங்கின் ஏடிஎம் அறை கிடைத்தது. ஏசி ஓடியது. ஈரம் இல்லை. மெஷினுக்குப் பின்னால் பாட்டிலை வைத்தார். காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் போய் ஒரு மூடி குடித்துவிட்டு வந்தார். தினம் மூன்று தடவை பணம் எடுக்கிற பெரிய மனிதர் என்று அங்கிருந்த செக்யூரிட்டி எழுந்து நின்று சலாம் போட ஆரம்பித்தான். இருமல் நின்ற பிறகு சலாமுக்காகவே இன்னும் கொஞ்ச நாள் போய்வந்தார் என்பார்கள். நான் பார்க்கவில்லை.

சலூனில் அரசியல் பேசாதீர் என்று போர்டு மாட்டியிருப்பார்கள். எல்லாரும் அதன் கீழே உட்கார்ந்துதான் அரசியல் பேசுவார்கள். லேபிளுக்குக் கார்ப்பரேஷன் தண்ணி லாரியைப் பற்றி ஒரு கருத்து வந்தது. முகத்தில் பாதி சோப்பு நுரை. எழுந்து ரோட்டுக்குப் போனார். அங்கே நின்று கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்துக் கருத்தைச் சொல்லி முடித்தார். திரும்பி வந்து மீதி கன்னத்தைக் காட்டினார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு உலகத்தில் ஒரே ஒரு வேலைதான் பொருந்தும். அது எங்கள் குடோனில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் சாமானில் நம் ஊர் விவரம் இருக்காது. யார் வரவழைத்தது, எந்த மாதம், என்ன அளவு, அதிகபட்ச விலை என்ன, எல்லாம் அச்சடித்து ஒட்டினால்தான் வெளியே விடுவார்கள். ஒட்டுவது ராணியக்காவும் மூன்று பெண்களும். ஒட்டுவதைப் பார்ப்பது லேபிள். ஒரு ஸ்டிக்கர் கோணலாக இருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

சோறு என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். முதலாளி சுத்த சைவம். கேட்டில் பெரிய போர்டு: அசைவம் உள்ளே கொண்டுவரக் கூடாது. எங்களில் மீன் இல்லாமல் சாப்பிடுகிறவர் யாரும் இல்லை. அதனால் மதியம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் போய் உட்காருவோம். கன்டெய்னர் லாரிகள் போகும். குழம்பில் புழுதி விழும். மழைக் காலத்தில் குழம்பு பெருகும். மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். லேபிள் முணுமுணுத்ததில்லை. போர்டு இருக்கிறதே. சாப்பிட்டு முடித்து வாய் கொப்பளித்து, உள்ளங்கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் தாண்டுவார். குடோனுக்குள் வஞ்சிரம் என்று பேச்சுக்குக்கூடச் சொல்லமாட்டார்.

அப்போதுதான் அந்தச் சரக்கு வந்தது. சாப்பாட்டுப் பாக்கெட்டில் பச்சைப் பொட்டும் பழுப்புப் பொட்டும் வந்த புதுசு. சைவத்துக்குப் பச்சை, அசைவத்துக்குப் பழுப்பு. வந்த சரக்கில் இரண்டு தினுசு. பாதி, முகத்தில் பூசும் கிரீம் டப்பா. பாதி, அழகுக்காகக் குடிக்கும் சின்ன பாட்டில். குடித்தாலும் அழகு, பூசினாலும் அழகு என்றார் பார்ட்டி. ஒரு கிரீம் டப்பாவை முதலாளிக்கு சாம்பிள் கொடுத்தார். முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போனார். அடுத்த வாரம் முழுவதும் முதலாளி முகம் பளபளத்தது. அம்மாவுக்குத்தான் கொடுத்தேன் என்றார். அம்மா என்றால் முதலாளி மனைவி.

முதலில் சொன்ன அந்த நாளில் சோத்து ஆபீசர் வந்தது அந்த பாட்டிலைப் பார்க்க. நான் பெட்டியை உடைத்தேன். லேபிள் ஒரு பாட்டிலை எடுத்துப் பின்பக்கம் எழுத்துக் கூட்டினார்.

"ஹ... ய... லூ... ரா... னிக்... ஆசிட்டு."

ஆசிட் என்ற சொல் காதில் விழுந்ததும் காஜா பாய் ஃபோர்க்லிஃப்டை ரிவர்ஸில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கே போய்விட்டார். அவரைத் திரும்ப அழைத்து வர ஆபீசரே போக வேண்டியிருந்தது.

"பயப்படாதீங்க பாய். பேர்தான் அப்படி. வழவழன்னு இருக்கும். நம்ம உடம்புலயே இருக்கு. முட்டியில இருக்கு, கண்ணுல இருக்கு, தோல்ல இருக்கு. தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும். அதான் தோல் காயாம இருக்கும்."

"தண்ணியப் பிடிச்சி வச்சிக்குமா?" என்றார் ராணியக்கா. "எங்க தெருவுக்கு நாலு பெட்டி குடு சார். மூணு நாளா லாரி வரல."

ஆபீசர் சிரிக்கவில்லை. பார்ட்டியைப் பார்த்தார். "எதுலேர்ந்து எடுக்கறாங்க?"

"நேச்சுரல் ஐட்டம் சார்."

"மண்ணெண்ணெய்கூட நேச்சுரல்தான். எதுலேர்ந்து?"

பார்ட்டி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கம்பெனியிலிருந்து வந்த கடிதம். அதை ஆபீசர் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். ஆபீசர் படித்தார்.

"சேவல் கொண்டை."

எல்லாரும் ஆபீசர் பக்கம் வந்து நின்றோம்.

"கொண்டைன்னா?" என்றார் ராணியக்கா. "தலையில செவப்பா நிக்குமே, அதுவா?"

"அதேதான். எல்லாக் கம்பெனியும் அப்படி எடுக்கறதில்லை. சில பேர் கிருமி வளர்த்து அதுலேர்ந்து எடுக்கறாங்க. இவங்க கொண்டையிலேர்ந்து."

முதலாளி மெதுவாகக் கேட்டார். "இது குடிக்கறதுல மட்டும்தானே சார்?"

"ரெண்டுலயும்" என்றார் பார்ட்டி, வேறு பக்கம் பார்த்தபடியே.

முதலாளி குழாயடிக்குப் போனார். முகத்தைக் கழுவினார். சோப்புப் போட்டு மறுபடி கழுவினார். அம்மாவுக்குக் கொடுத்த கிரீமுக்கு இவர் ஏன் கழுவுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா அந்த கிரீமைப் பூசிக்கொண்டு ஒரு வாரமாக சாமி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அதை முதலாளி பிறகு வீட்டில் எப்படிச் சொன்னார் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

சோத்து ஆபீசர் முடிவைச் சொன்னார். குடிக்கிற பொருள் உணவு. உணவில் பிராணி இருந்தால் பழுப்புப் பொட்டு வேண்டும். சாம்பிள் லேபுக்குப் போகும். லேப் சரி என்றால் பொட்டு ஒட்டி பாட்டிலை வெளியே விடலாம்.

"கிரீமுக்கு சார்?" இது பெட்டி மேலிருந்து லேபிள்.

"அது என் இலாகா இல்லை. நான் வாய் வரைக்கும்தான்."

"மூஞ்சிலதான சார் வாயும் கீது?"

ஆபீசர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். லேபிள் முதலாளி பக்கம் திரும்பினார்.

"மொதலாளி, அசைவம் உள்ள வரக் கூடாதுன்னு கேட்ல போர்டு கீதே."

"அது சாப்பாட்டுக்குய்யா."

"சாப்பாட்டுக்குன்னு போடலியே."

முதலாளி தன் அறைக்குப் போய்விட்டார். அந்தச் சரக்கின் வாடகைதான் அந்த மாதம் எங்கள் எல்லாருக்கும் சம்பளம்.

லேப் சரி என்றது. பார்ட்டி பழுப்புப் பொட்டு ஸ்டிக்கரை ரோல் ரோலாகக் கொண்டுவந்து இறக்கினார். அச்சுக்கடைக்காரன் கொஞ்சமாக அடித்துத் தரமாட்டானாம். பெண்கள் எல்லா பாட்டிலுக்கும் ஒட்டினார்கள். ரோல் மிச்சம் இருந்தது. கிரீம் டப்பாக்கள் பொட்டு இல்லாமல் அந்தப் பக்கம் அடுக்கியிருந்தன. லேபிள் நாள் முழுக்க அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோணலான ஸ்டிக்கரைப் பார்க்கும் முகம்.

மறுநாள் நல்ல மழை. கொருக்குப்பேட்டை சுரங்கப்பாதையில் தண்ணீர். ராணியக்காவும் பெண்களும் வரவில்லை. முதலாளியும் வரவில்லை. காஜா பாயும் நானும் வேறு சரக்கு எடுக்க ஹார்பருக்குப் போய்விட்டோம். லேபிள் மட்டும் தண்டவாளத்தின் மேலேயே நடந்து வேலைக்கு வந்தார். குடோனில் அவர், கிரீம், மிச்ச ரோல்.

சாயங்காலம் நாங்கள் திரும்பியபோது எல்லா கிரீம் டப்பாவிலும் பழுப்புப் பொட்டு இருந்தது. ஒன்றுகூடக் கோணல் இல்லை. லேபிள் பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இன்னா நைனா பண்ணி வச்சிக்கிறே?" என்றார் காஜா பாய்.

"வாய்ல போனா சேவலு, மூஞ்சில போனா சேவல் இல்லியா பாய்? சேவல் ஒண்ணுதான?"

காஜா பாய் யோசித்தார். "ஒண்ணுதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். சேவல் ஒன்றுதான்.

பார்ட்டி வந்தார். ஒரு டப்பாவைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். கீழ் அடுக்கிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. கறிப் பொட்டு வச்ச கிரீம எந்தப் பொம்பள மூஞ்சில பூசுவா? எந்தக் கடைக்காரன் வாங்குவான்? சனிக்கிழமை லாரி வருதே!"

முதலாளியும் வந்தார். கத்தினார். லேபிள் கேட்டுக்கொண்டார். தான் சொன்னால் கேட்கமாட்டான், அதிகாரி சொன்னால் கேட்பான் என்று பார்ட்டி நினைத்தார். கிரீம், பவுடர், மருந்து எல்லாம் பார்க்கும் அதிகாரியைக் கையோடு அழைத்து வந்தார். இவர் பவுடர் ஆபீசர். மெலிந்த மனிதர். நிதானமாகப் பேசினார்.

"இதப் பாருங்க. பூசறது அழகுசாதனம். அது எங்க சட்டம். எங்க சட்டத்துல இந்தப் பொட்டே கிடையாது. குடிக்கறது உணவு. அது அவங்க சட்டம். இதே பொருள ஊசியில ஏத்தி முட்டி வலிக்குப் போட்டா மருந்து. அதுவும் எங்க சட்டம்தான், ஆனா வேற லைசென்ஸ். கிரீம் டப்பாவுல முட்டி வலி தீரும்னு ஒரு வரி எழுதினா, கிரீமும் மருந்தாயிடும். அதுக்கும் லைசென்ஸ் கேப்போம்."

லேபிள் கண் கொட்டாமல் கேட்டார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு அழகான பேச்சைக் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"துன்னா சோறு, பூசுனா பவுடரு, குத்துனா மருந்து. சேவல் ஒண்ணுதான சார்?"

"ஒண்ணுதான். ஆனா நாங்க சேவலப் பாக்கறதில்ல. எதுக்குன்னு சொல்லி விக்கறாங்கங்கறதத்தான் பாப்போம்."

"அப்ப கிரீமுக்குப் பொட்டு ஒட்டணும்னு இல்ல."

"இல்ல."

பார்ட்டி எழுந்து நின்றார். லேபிள் விடவில்லை.

"ஒட்டக் கூடாதுன்னு கீதா சார்?"

பவுடர் ஆபீசர் கூரையைப் பார்த்தார். மனதுக்குள் பக்கம் புரட்டினார். "...அதுவும் இல்ல" என்றார். டீயைக் குடித்து முடித்துப் போய்விட்டார். பார்ட்டி மறுபடி உட்கார்ந்தார்.

முதலாளிக்கு வேறு வழி இல்லை. பார்ட்டி போனால் வாடகை போகும். எல்லார் முன்னாலும் சொன்னார். "சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எல்லாப் பொட்டையும் உரிச்சு லாரி ஏத்தணும். இல்லேன்னா திங்கட்கிழமைலேர்ந்து நீ வர வேண்டாம்."

லேபிள் தலையாட்டினார். உரிக்கவில்லை. டப்பா அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். ராணியக்கா ஒரு பொட்டை உரித்தார். லேபிள் கீழே குனிந்து அதே இடத்தில் இன்னொன்று ஒட்டினார். ரோல் இன்னும் மிச்சம் இருந்தது.

"ண்ணே, ஹார்பர் வேலயக் கொக்கியில வுட்டே. இத்தப் பொட்டுல வுடப் போறியா?" என்றார் ராணியக்கா. "பொண்ணு ரெண்டும் ஸ்கூல் போவுது. அண்ணிக்கு இன்னா சொல்லுவே?"

"இருக்கறதத்தான ஒட்டினேன் ராணி. இல்லாதத ஒட்டினனா?"

"இல்ல."

"அப்ப உரிக்கறதுதான் தப்பு."

"தப்புதான். உரி."

"உரின்னு எங்கனா போட்டுக்கீதா? காட்டு. உரிக்கறேன்."

ராணியக்கா அவரை நேராகப் பார்த்தார். பிறகு பெண்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் போனது திருவொற்றியூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைக்கு. வெள்ளிக்கிழமை காலையில் குடோன் முழுக்கப் புது ஸ்டிக்கர். "பொட்டை உரிக்கவும்." கடைக்காரன் நூறுக்குக் குறைந்து அடிக்கமாட்டேன் என்றிருக்கிறான். அதனால் அடுக்கின் மேல், லேபிள் உட்காரும் இடத்தில், டீ கிளாஸில், தூணில், ஃபோர்க்லிஃப்டின் முதுகில், என் கடப்பாரையில், எல்லா இடத்திலும் இருந்தது.

லேபிள் ஒன்றை உரித்துக் கண்ணருகே வைத்துப் படித்தார். திருப்பிப் பார்த்தார்.

"யாரு போட்டது? பேரு இல்ல. இன்னா பொருளு? தெர்ல. அளவு இல்ல. மாசம் இல்ல. வெல இல்ல." ராணியக்காவிடம் நீட்டினார். "இத்தினி வருசம் எங்கூட வேல செஞ்சி இத்தக்கூடக் கத்துக்கலியா நீ? இது செல்லாது."

"பேஜாரு புட்ச்ச மனுசன்" என்றார் ராணியக்கா. கண் கலங்கியிருந்தது. ஸ்டிக்கரைக் கசக்கி அவர் மேலேயே எறிந்துவிட்டுப் போனார்.

வெள்ளி போனது. சனிக்கிழமை விடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. லாரி வந்து கேட் எதிரே நின்றது. பார்ட்டி லாரிக்கும் அடுக்குக்கும் நடந்துகொண்டிருந்தார். முதலாளி தன் அறையில் லேபிளின் கணக்கை முடிக்க வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்திருந்தார். லேபிள் வழக்கம்போல அதில் தன் பெயரைப் படித்துச் சரிபார்த்துவிட்டு வந்து அடுக்கின் மேல் ஏறினார். மதிய டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. கேட்டுக்கு வெளியே ஓரமாக வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். அன்றைக்கும்.

ராணியக்கா நனைந்துகொண்டே வந்தார். முந்தானைக்குள் ஒரு காகிதப் பை. அதிலிருந்து ஒரே ஒரு ஸ்டிக்கரை எடுத்து, லேபிளின் காலுக்குப் பக்கத்தில் ஒட்டினார். தள்ளி நின்றுகொண்டார்.

நானும் எட்டிப் படித்தேன்.

பொருள்: லேபிள் அண்ணன் வேலை
அளவு: ஒன்று
போட்டவர்: ராணி, கொருக்குப்பேட்டை
மாதம்: இந்த மாதம்
விற்பனைக்கு அல்ல
உபயோகிக்கும் முறை: பழுப்புப் பொட்டை உரிக்கவும்

லேபிள் படித்தார். மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் மேலே போனார். விலை இல்லையே என்று சொல்வார் என்று பார்த்தேன். விற்பனைக்கு இல்லாத பொருளுக்கு விலை வேண்டியதில்லை. அது அவர்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

"கம் சரியில்ல" என்றார் கடைசியில். "ஓரம் தூக்கிகினு கீது பாரு."

கட்டை விரலால் அந்த ஓரத்தை அழுத்தினார். ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு கீழே இறங்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் டப்பாவை மடியில் வைத்துப் பொட்டின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார்.

வரவில்லை. அவர் ஒட்டியதாயிற்றே. மூன்று தடவை சுரண்டிய பிறகு பாதி வந்தது. மீதி கம்மாக, வெறும் பசையாக நின்றது. ராணியக்கா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். போனது.

"ண்ணே, இந்தக் கணக்குல உரிச்சா பொங்கல் வந்துடும்" என்றார் ராணியக்கா, பக்கத்தில் உட்கார்ந்து.

பெண்கள் உட்கார்ந்தார்கள். காஜா பாய் வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பார்ட்டி கொஞ்ச நேரம் வாட்ச்சைப் பார்த்தார். பிறகு மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்தார். இந்த ஊரில் இப்படி ஒட்டுகிற ஆள் வேறு யாரிடமும் இல்லை என்று புலம்பிக்கொண்டே உரித்தார். முதலாளி அறை வாசலில் நின்று பார்த்தார். உள்ளே போனார். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு வந்து, சேவல் மேலே படாமல் ஓரமாக உட்கார்ந்து உரித்தார்.

மதியம் ஆனது. வெளியே ரோட்டில் முழங்கால் தண்ணீர். எங்கள் சாப்பாட்டு டப்பாக்கள் கேட் ஓரத்தில் நனைந்துகொண்டிருந்தன. லேபிள் எழுந்து போனார். உரித்த பொட்டில் கம் இருந்ததை எடுத்து ஒவ்வொரு டப்பா மூடியிலும் ஒன்று ஒட்டினார். எல்லாவற்றையும் அடுக்கித் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு உள்பக்கம் வந்து நின்றார். முதல் தடவையாக மீனோடு அந்த போர்டைத் தாண்டினார்.

"மொதலாளி, பொட்டு வச்சிக்கீது. உள்ளே இருக்கறது இன்னான்னு வெளிய போட்டுக்கீது."

முதலாளி டப்பாவைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். கிரீம் அடுக்கைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எங்கள் மீன் குழம்பு வாசத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கை நிறுத்தாமல் உரித்தார்.

சாயங்காலம் லாரி போனது. திங்கட்கிழமை காலையில் லேபிள் வந்து தன் பெயரைப் படித்துச் சரிபார்த்தார். இருந்தது.

ஒட்டியது அவர் ஒருவர்தான். உரித்தது ஒன்பது பேர்.